கயிற்றை விடாதவர்கள்

மன்னார்ப் பட்டினத்தில் அந்த நிதிக் கம்பனியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாமி செருப்பைக் கழற்றி வைப்பதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். நீல வார் வைத்த றப்பர் செருப்பு. கோயில் வாசலில் வைப்பதுபோல ஓரமாகச் சோடி சேர்த்து வைப்பார். கிளை முகாமையாளர் ஒரு இளம் பெடியன். ஒவ்வொரு முறையும் எழும்பி வந்து, "பரவாயில்லை அம்மா, போட்டுக்கொண்டு வாங்கோ" என்பான். "உள்ளுக்கை பளிங்கு மாதிரிக் கிடக்கு, நான் ஏன் தம்பி மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவான்?" என்று சொல்லிவிட்டு, குளிரூட்டியின் குளிருக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதிரையின் நுனியில் உட்காருவார். அந்தக் கந்தோரை அவர் நம்பினார். கோயிலை நம்புகிற அளவுக்கு இல்லை. கூட்டுறவுச் சங்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

மாமி என்றால் என் அப்பாவின் அக்கா. முள்ளிக்குளத்துக்கு வடக்கே ஒரு சின்னக் கரையூர் எங்களுடையது. மாமா அங்கே கரைவலைச் சம்மாட்டி. தோணியும் வலையும் அவருடையவை. வலை வளைக்கிற ‘பாடு’ என்கிற அந்தத் துண்டுக் கரையும் பரம்பரையாக அவர்கள் கையில் இருந்தது. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் மாமா காய்ச்சலில் போய்விட்டார். அவரைத் தாட்ட இடத்தைக்கூட மாமியால் பிறகு அடையாளம் காட்ட முடியவில்லை. ஊர் திரும்பியபோது வலை இழுத்த ஆட்கள் எல்லாரும் மாமியின் கொட்டிலுக்குத்தான் வந்து நின்றார்கள். "சம்மாட்டியம்மா, இனி என்ன செய்யிறது?" என்று கேட்டார்கள். பெண் சம்மாட்டி என்பது எங்கள் கரையில் கேள்விப்படாத ஒன்று. மாமி அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. "இழுக்கிறது நீங்கள், ஏசுறது நான். அவர் இருக்கேக்கையும் அப்பிடித்தானே நடந்தது" என்றாராம்.

கரைவலை அறியாதவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லவேண்டும். தோணி கடலில் அரைவட்டமாக ஓடி வலையைப் போட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு பக்கத்துக் கயிறும் கரைக்கு வரும். ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு கூட்டம் ஆட்கள் இடுப்பைக் கொடுத்து, பின்னால் பின்னால் நடந்து இழுப்பார்கள். மணிக்கணக்கில் நடக்கிற வேலை. ஒரு பக்கம் தளர்ந்தால் வலை கோணிவிடும், மீன் போய்விடும். அதனால் மீன் நிறைந்த மடி கரை ஏறும்வரை ஒருவரும் கையை எடுக்கக்கூடாது. உள்ளங்கை கிழிந்தாலும் எடுக்கக்கூடாது. வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டாலும் எடுக்கக்கூடாது. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குக் ‘கயிறுவிட்டான் வீடு’ என்று பெயர். அந்த வீட்டுப் பூட்டன் யாரோ பாதி வலையில் கயிற்றை விட்டுவிட்டுப் போனானாம். ஏன் போனான் என்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை. அவனுடைய பூட்டப்பிள்ளைக்குக் கல்யாணம் பேசப் போன இடத்திலும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். பாவம், அந்தப் பெடியன் கடலுக்கே போனதில்லை. மன்னாரில் சலூன் வைத்திருந்தான்.

திரும்பி வந்தபோது ஊரில் தோணியும் இல்லை, வலையும் இல்லை. அந்தோனியார் கோயிலுக்குக் கூரை இல்லை. தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு மாமி நினைத்ததெல்லாம் புது வலையைத்தான். இத்தாலியில் இருந்த மகன் கொஞ்சம் அனுப்பினான். மாமி தாலிக்கொடியை விற்றார். வலைக்காரக் குடும்பங்கள் மீள்குடியேற்ற உதவியில் மிஞ்சியதையும் காதில் கழுத்தில் கிடந்ததையும் கொண்டுவந்து அவர் மடியில் போட்டார்கள். அப்படியும் வலை வாங்கப் போதவில்லை. பாடு சும்மா கிடந்தால் நெடுநாள் நிற்காது. தெற்கிலிருந்து வந்த ஒரு முதலாளி, கயிறு சுற்றுகிற டிராக்டரோடு அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலை வராவிட்டால் பாடு போகும். பாடு போனால் அதில் வலை இழுத்த நாற்பது குடும்பமும் கலையும். மாமிக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

சண்டை முடிந்த கையோடு மன்னாரில் நிதிக் கம்பனிகள் மழைக்கு முளைத்த காளான்போல வந்திருந்தன. வங்கியைவிடக் கூடிய வட்டி. மாமி எல்லாக் காசையும் ஒன்றில் கொண்டுபோய்ப் போட்டார். ஒன்றரை வருசம் கிடந்தால் வலைக்குக் காணும் என்று அந்தப் பெடியன் கணக்குப் பார்த்துச் சொல்லியிருந்தான். நான் அப்போது மன்னாரில் வணிகப் பாடம் படிப்பிக்கிற ஆசிரியர். வங்கியில் போடுங்கோ மாமி என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும் எண்டு என்ரை தம்பி சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளையெல்லே நீ. உனக்கு மாசம் முடிய அரசாங்கச் சம்பளம் வரும். நாங்கள் அஞ்சாறு வருசம் பொறுத்திருந்தா, அந்த டிராக்டர்க்காரன் பொறுத்திருப்பானே?" என்றார்.  

முதல் வருசம் ஒரு குறையும் வரவில்லை. காசு நன்றாகத்தான் ஏறியது. பட்டினத்துக்கு வரும்போதெல்லாம் மாமி வலைக்கடைக்குப் போய், நைலோன் வலையை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு வருவார். கடைக்காரர் சலித்துப்போய், "வாங்கிறியளோ, தடவுறியளோ?" என்று கேட்பார். "கட்டப்போறவன் பொம்பிளை பாக்கிறதில்லையே?" என்பார் மாமி.

பிறகு கொழும்பில் கதை தொடங்கியது. கம்பனியின் தாய்க் கம்பனி வேறு எங்கேயோ பெருந்தொகைக் காசை விட்டுவிட்டது, அதனுடைய பங்குகளைப் பெரிய ஆட்கள் விற்கிறார்கள், கடன் பத்திரங்களை வாங்க ஆளில்லை என்று பத்திரிகையில் ஒரு மூலையில் வந்தது. ஆசிரியர் அறையில் அதைப் படித்தேன். அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்குப் போனேன். மாமி முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, நாளைக்கே எடுங்கோ. வட்டி போனாப் போகட்டும், முதலை எடுங்கோ" என்றேன்.

"எல்லாரும் போய் எடுத்தா கம்பனிக்கு என்ன நடக்கும்?"

"விழும். அதுக்கு முதல் நாங்கள் எடுத்திட வேணும்."

மாமி கருவாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அப்ப எங்களுக்குப் பின்னாலை நிக்கிறவனுக்கு?"

"அவன் தன்ரை பாட்டைப் பார்ப்பான் மாமி."

"பாதி வலையிலை நிண்டுகொண்டு கதைக்கிற கதையே இது, மருமோன்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு எப்படி இது தெரியாமல் போனது என்ற ஆச்சரியம்தான் அந்தக் குரலில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் அந்த முகாமையாளர்ப் பெடியன் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. கோயில் மரத்தடியில் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னான்: "நீங்கள் எல்லாரும் ஒரே நாளிலை வந்து கேட்டா, குடுக்க எங்களிட்டை இல்லை. ஆரும் விடாமல் கொஞ்ச நாள் பிடிச்சுக்கொண்டு நிண்டீங்களெண்டால் எல்லாருக்கும் கிடைக்கும். ஒராள் ஓடினா எல்லாருக்கும் போகும்." அவன் யாழ்ப்பாணத்துப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை, கரைவலையைக் கண்ணால்கூடக் கண்டிருக்கமாட்டான். ஆனால் ஊரில் ஒவ்வொரு தலையும் ஆடியது. தோணியில் நின்று வலைக்கு இடம் பார்க்கிற மண்டாடிக் கிழவர், "தம்பி சொல்லுறது சரிதானே, இதிலை என்ன புதினம்" என்றார். நான் எழும்பி, இது வேறு, அது வேறு என்று ஏதோ சொன்னேன். படித்தவன் பயப்படுகிறான் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டார்கள். செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று என் பேச்சு.

அவன் சொன்னது பொய்யில்லை என்பதுதான் இன்றுவரைக்கும் என் வயிற்றெரிச்சல். எல்லாரும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் கம்பனி ஒருவேளை நின்றிருக்கும். ஆனால் மற்றப் பக்கத்துக் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் கொழும்பில், எங்களுக்குத் தெரியாத மாடிகளில் இருந்தார்கள். விசயம் பத்திரிகைக்கு வருவதற்கு முன்பே அவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். மன்னார்ப் பட்டினத்தில் கடைக்காரர்கள் சிலரும், என்னோடு படிப்பித்த இரண்டு பேரும்கூடப் போய் எடுத்துவிட்டார்கள். எங்கள் கரையூர் மட்டும் ஒரு ஆள் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது.

ஒரு திங்கட்கிழமை கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு பட்டினத்து மண்டபம் ஒன்றில் கூட்டம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்தவர் ஆங்கிலத்தில் பேச, ஒருவர் தமிழாக்கினார். வைப்புப் பணத்தைத் திருப்பித் தரமுடியாது. ஒரு பகுதியை நீண்ட காலக் கடன் பத்திரமாகவும் மிச்சத்தை முன்னுரிமைப் பங்காகவும் மாற்றித் தருவார்களாம். சம்மதிக்காவிட்டால் அதுவும் இல்லை. மாமி என் பக்கம் சாய்ந்தார்.

"முன்னுரிமை எண்டா என்ன மோனை?"

நான் கரும்பலகையில் வருசா வருசம் எழுதுகிற விளக்கம். "லாபம் வந்தால் மற்றப் பங்குக்காரருக்கு முதல் உங்களுக்குத் தருவினம், மாமி."

"லாபம் வராட்டி?"

"வராட்டி இல்லை."

மாமி மேடையைப் பார்த்தார். "அப்ப அதுக்கேன் இவ்வளவு நீளப் பேர்?" என்றார். முன் வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

பிறகு நான் செய்ததெல்லாம் பத்திரிகையில் பங்குச் சந்தைப் பக்கத்தைப் பார்த்ததுதான். கம்பனியின் சாதாரணப் பங்கு ரூபாயிலிருந்து சதத்துக்கு இறங்கியதை ஆசிரியர் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி ஆட்களின் முன்னுரிமைப் பங்கு அந்தப் பக்கத்தில் வரவே இல்லை. அதை விற்க ஒரு சந்தைகூட இல்லை. கொழும்பில் தெரிந்த ஒரு பங்குத் தரகரைப் பிடித்துக் கேட்டேன். "மாஸ்டர், கடன் பத்திரத்தைக்கூட ஒருத்தரும் தொடுறாங்கள் இல்லை, நீங்கள் வேறை" என்றார். வகுப்பில் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துகிற ஒருவனுக்கு இதில் ஒன்றும் செய்ய ஏலாது என்பது எனக்கே நம்பமுடியாமல் இருந்தது. அந்த முகாமையாளர்ப் பெடியன் தாயின் சேமிப்பு முழுவதையும் அங்கேதான் போட்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது. மாமியிடம் சொன்னேன். "நான் அவனை ஏசேல்லைத்தானே" என்று மட்டும் சொன்னார்.

இப்போது நாடே கடனைக் கட்டமுடியாமல் நின்ற காலத்தையும் பார்த்தாயிற்று. பிணைமுறி, மறுசீரமைப்பு என்று தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் பேசினார்கள்; என் சேமிப்புக் காசும் அதற்குள்தான் கிடந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள், எல்லாரும் சேர்ந்து தாங்கினால்தான் நாடு நிமிரும் என்றார்கள். நான் தொலைக்காட்சியை நிற்பாட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன். மாமி அப்போது உயிரோடு இல்லை.

கடைசியாகச் சொல்லவேண்டியது கம்பனி விழுந்த வருசத்தில் சோழகக் காற்று ஓய்ந்து கடல் படுத்த நாளைப்பற்றி. வலை வரவில்லை, பாடு முதலாளியிடம் போயிற்று. அவர் கெட்ட மனிதர் இல்லை. முதல் நாளே மாமியிடம் வந்து, தெரிந்த தமிழில் "அம்மா, கோவிக்கவேண்டாம்" என்று சொல்லி, வலை வளைக்கிற நாளெல்லாம் ஒரு கூடை மீன் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார். மாமியின் ஆட்களில் ஐந்தாறு பேரைக் கூலிக்கு எடுத்துக்கொண்டார். மற்றவர்களில் சிலர் கட்டாருக்கு ஆள் எடுக்கிறவனிடம் போய்வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு நான் கரையில் நின்றேன். டிராக்டர் கயிற்றைச் சுற்றி இழுத்தது. இரண்டு பேர் பழக்கதோசத்தில் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். சாரதி சிங்களத்தில் கையை எடுக்கச் சொல்லிக் கத்தினான். எடுத்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

மண்டாடிக் கிழவர்தான் கூடையைக் கொண்டுவந்து மாமியின் முற்றத்தில் இறக்கினார். மாமி அன்று முழுவதும் வெளியே வந்திருக்கவில்லை. கூடையைக் கண்டதும் எழும்பி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "எல்லா வீட்டையும் வரச்சொல்லுங்கோ, பங்கு பிரிக்கப்போறன்" என்றார். பெண்கள் சட்டியோடு வந்தார்கள். மாமி மணலில் சாக்கை விரித்து, மாமாவின் காலத்தில் செய்ததுபோலவே, வலை இழுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கூறு வைத்தார். கட்டாருக்குப் போகக் காத்திருந்தவன் வீட்டுக்கும் வைத்தார். ஒரு கூடை மீன், நாற்பது கூறு. சில கூறில் இரண்டு சூடை, சில கூறில் ஒரு காரல். தனக்கு அவர் கூறு வைக்கவில்லை.

"எடுங்கோ" என்றார். ஒருவரும் குனியவில்லை.

மண்டாடியின் மனுசிதான் முதலில் வாய் திறந்தார். "எங்கடை வீட்டிலை நேற்றையான் கறி கிடக்கு. நீங்கள் வைச்சுக்கொள்ளுங்கோ, சம்மாட்டியம்மா." அந்த வீட்டில் நேற்று அடுப்பு எரியவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அடுத்தவள் பிள்ளைக்கு வயிறு சரியில்லை, மீன் ஆகாது என்றாள். இன்னொருத்தி மாமியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். வெறும் சட்டியோடு ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் முற்றத்தில் மாமியும் அந்தக் கூறுகளும் நானும்தான் மிஞ்சினோம்.

"உங்களுக்கு இருக்கட்டும் எண்டுதான் மாமி, பாசத்திலைதான்..." என்றேன்.

"ஓம், எனக்கு விளங்குது" என்றார். சாக்கின் முன் அப்படியே உட்கார்ந்தார். இலையான் மொய்க்கத் தொடங்கியது, அவர் விரட்டவில்லை. "கம்பனிக்காரன் விட்டது எனக்குப் பெரிசில்லை, மருமோன். இண்டைக்கு இவளுகளும் கையை எடுத்திட்டாளுகள்."

மாமா செத்ததற்கு அழாத மாமி, அந்த மீனுக்கு முன்னால் இருந்து அழுதார்.