ஸ்டில் என்றால் இன்னும்

என் முதல் பிரசவம் அம்பத்தூரில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நடந்தது. எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி ஆவடிக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. என் கணவருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் வீடு கொடுத்திருந்தார்கள். இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்மா இல்லாத பெண் நான். பிரசவத்துக்கென்று போய்ப் படுக்க எனக்கு ஊரில் வீடு இல்லை.

ஒன்பதாம் மாதம் தொடங்கியிருந்தது. துணி அலசிக்கொண்டிருந்தபோதுதான் நினைவு வந்தது, முந்தின நாளிலிருந்து வயிற்றில் உதையே இல்லையே என்று. பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். தூங்குகிற குழந்தையாக இருக்கும், இதற்கெல்லாம் பயப்படாதே என்றார். மத்தியானம் வலி கண்டுவிட்டது.

டாக்டரம்மா குழலை வயிற்றில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.  இடம் மாற்றி இடம் மாற்றி வைத்துக் கேட்டார். அப்புறம் என் தலையைத் தடவிவிட்டு ஊசி போடச் சொன்னார். அதற்குப் பிறகு நடந்தது எல்லாமே எனக்கு அரைகுறைதான். வலி தெரியும், ஆனால் யாருக்கோ வலிப்பது போல இருக்கும். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கும், விசிறி தெரியாது. எல்லாம் முடிந்துவிட்டது என்று உடம்புக்குத் தெரிந்த நிமிஷத்தில், டாக்டரம்மா நர்ஸிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டது இரண்டே வார்த்தை. ஸ்டில். பார்ன்.

நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். பார்ன் எனக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் வருகிற பெரிய மனிதர்கள் எல்லோரும் முதல் வரியிலேயே 'வாஸ் பார்ன்' என்று பிறந்துவிடுவார்கள். ஸ்டில்லும் தெரியும். 'இட் இஸ் ஸ்டில் ரெய்னிங்', இன்னும் மழை பெய்துகொண்டிருக்கிறது. எங்கள் டீச்சர் கரும்பலகையில் 'ஸ்டில் என்றால் இன்னும்' என்று எழுதிப்போட்டு எங்களை உரக்கச் சொல்ல வைத்தது அப்படியே மனசில் இருந்தது. அந்த மயக்கத்திலும் நான் இரண்டையும் சேர்த்துப் பொருள் பண்ணினேன். இன்னும். பிறந்தது. இவ்வளவுக்குப் பிறகும் பிறந்துவிட்டது. அந்த நிம்மதியில்தான் தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் நர்சிங் ஹோம் ஆயா உட்கார்ந்திருந்தார். தொட்டில் இல்லை. நான் கேட்பதற்கு முன்னாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா கண்ணு பண்றது, போய்ட்ச்சு. பொம்பளப் புள்ள. நீ ஒடம்ப பாத்துக்கோ, அடுத்தது நல்லா பொறக்கும்."

"எங்க?"

"உன் ஊட்டுக்காரரு எடுத்துகினு போயி வேண்டியதெல்லாம் பண்ட்டாரு. நீ பாக்கக் கூடாது கண்ணு. பால் ஊறும், மனசு வுட்டுப்பூடும்."

அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்கள், தாய்க்குக் காட்ட மாட்டார்கள். என் கணவர் சாயங்காலம் வந்தார். தலை ஈரமாக இருந்தது, குளித்துவிட்டு வந்திருக்கிறார். ஹார்லிக்ஸ் பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். நானும் சாப்பிட்டேன் என்றேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழவே இல்லை. அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தால் அவர் உடைந்துபோவாரோ என்று எனக்கு ஒரு பயம். நான் உடைந்துபோவேனோ என்று அவரும் அதே போலத்தான் பயந்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

ஆனால் என் மனசு அந்த இரண்டு வார்த்தையை விடவில்லை. போய்விட்டது என்று ஆயா சொன்னார். வந்தால்தானே போக முடியும்? டாக்டரம்மாவே சொன்னாரே, பிறந்துவிட்டது என்று. அப்படியானால் நான் தூங்கியதற்கும் விழித்ததற்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது? அழுததா? அழுதால் எனக்குக் கேட்டிருக்காதா? ஊசி போட்ட மயக்கத்தில் கேட்கவில்லையோ? சில நாள், கொஞ்ச நேரம் உயிரோடிருந்து இறந்திருக்கும் என்று நினைப்பேன். சில நாள், இறக்கவே இல்லை, எங்கேயோ இருக்கிறது என்று நினைப்பேன். அப்படி நினைக்கிற நாட்களில் எனக்கு நன்றாகச் சாப்பிட முடிந்தது.

அடுத்த மூன்றாம் வருஷம் பையன் பிறந்தான். கத்திக்கொண்டேதான் பிறந்தான். என் கணவருக்கு இடது காதின் மேல் விளிம்பு உள்ளே மடிந்திருக்கும். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். பையனுக்கும் அதே மடிப்பு. அதைப் பார்த்த அன்று ஆரம்பித்தது எனக்கு அந்த வியாதி. ரேஷன் கடை வரிசையில், பஸ்ஸில், கோயில் பிராகாரத்தில், எங்கே பெண்குழந்தையைப் பார்த்தாலும் முதலில் இடது காதைப் பார்ப்பேன். வருஷத்துக்கு ஒரு வயது கூட்டிக்கொள்வேன். இப்போது நடக்கும். இப்போது பேசும். இப்போது பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார்கள். மற்றவர்களுக்கு என் வீட்டில் ஒரு பிள்ளை. நான் சோறு பிசைந்து ஊட்டும்போது, இன்னொரு வாய் எங்கோ திறந்து காத்திருப்பது போலவே இருக்கும்.

ஒருமுறை அம்பத்தூர் மார்க்கெட்டுக்குப் போகிற ரயிலில், எதிர் சீட்டில் சீருடை போட்ட ஒரு பெண். ஏழெட்டு வயதிருக்கும், ரெட்டைச் சடை. ஜன்னல் காற்றில் முடி விலகியபோது இடது காதில் மடிப்பு தெரிந்தது போல இருந்தது. அவள் திருமுல்லைவாயிலில் தன் அண்ணனோடு இறங்கினாள். நானும் இறங்கினேன். என் கையில் பை, பையில் மார்க்கெட்டுக்குப் போகிற பணம், வீட்டில் அடுத்த வீட்டுக்காரியிடம் விட்டுவந்த பையன். எதுவும் நினைவில்லை. புதுசாகப் பிளாட் போட்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தெருக்களில் அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னாலேயே போனேன். அவர்கள் ஓர் ஓட்டு வீட்டுக்குள் நுழைந்தார்கள். நான் வாசலில் நின்றேன். உள்ளே இருந்து அவர்களுடைய அம்மா வந்தாள்.

"இன்னாமா, யாரு வோணும்?"

"வாடகைக்கு வீடு இருக்குன்னு சொன்னாங்க..."

"இங்க ஊடு எதுவும் காலி இல்லியே. யாரு சொன்னது?" என்னை ஏற இறங்கப் பார்த்தாள். குரல் மாறியது. "மூஞ்சி ஏன் இப்டி கீது? வெயில்ல வந்தியா? உக்காரு. ஏ பாப்பா, அக்காவுக்குத் தண்ணி குடு."

அந்தப் பெண்தான் சொம்பில் கொண்டுவந்தாள். கிட்டத்தில் பார்த்தபோது காதில் மடிப்பு எதுவும் இல்லை. முடி நிழல்தான். அம்மாவின் அதே மூக்கு, அதே முகவாய். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஸ்டேஷன் வரைக்கும் யாரோ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவது போல இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்கமாட்டாள் என்று தெரியும்.

தொண்ணூறுகளில் பையனை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம். அவன் பாடத்தைச் சொல்லித்தர எனக்குத் தெரியவில்லை என்று அம்பத்தூரில் பெண்களுக்கான ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில், மத்தியான வேளையில் நடக்கும். கீழே மிஷின்கள் தடதடக்க, மேலே நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்போம். டீச்சர் பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், முஸ்லிம் பெண், எம்.ஏ. படித்தவள். தலையிலிருந்து சரியும் முக்காட்டைச் சாக்பீஸ் கையாலேயே இழுத்துவிட்டுக்கொள்வாள், அதில் எப்போதும் வெள்ளைத் தடம் இருக்கும். எங்களையெல்லாம் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

பெரிய வார்த்தைகளைக் கண்டு பயப்படாதீர்கள், சின்ன வார்த்தைதான் ஆளை ஏமாற்றும் என்பாள். வாரம் ஒரு சின்ன வார்த்தையை எடுத்துக்கொண்டு அதைப் பிரித்துப் போடுவாள். அன்றைக்கு போர்டில் எழுதிய வார்த்தை ஸ்டில்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

எனக்குத் தெரிந்த வார்த்தை. முதல் ஆளாகச் சொன்னேன். "இன்னும்."

"சரி. அது வினையோட சேர்ந்து வரும்போது. மழை இன்னும் பெய்யுது. இன்னும் வேற?" அவளே தொடர்ந்தாள். "வாக்கியத்தோட ஆரம்பத்துல போட்டா 'இருந்தாலும்'னு அர்த்தம். அவர் என்னைத் திட்டினார். ஸ்டில், எனக்கு அவரைப் பிடிக்கும்." எல்லோரும் சிரித்தார்கள்.

கொரட்டூரிலிருந்து வருகிற ஒருத்தி கை தூக்கினாள். "டீச்சர், தியேட்டர் வாசல்ல கண்ணாடிப் பொட்டியில ஒட்டி வெப்பாங்களே, அதுகூட ஸ்டில்லுதானே?"

"ஆமா, அது பெயர்ச்சொல். அசையாத படம். போட்டோ ஸ்டுடியோவுல சொல்வாங்கல்ல, ஸ்டில்லா இருங்கன்னு? அங்க அது அசையாமன்னு அர்த்தம். ஸ்டில் வாட்டர்னா அலையில்லாத தண்ணி. வினைச்சொல்லாவும் வரும். அழுவுற குழந்தையை அம்மா அமைதிப்படுத்தினா, ஷி ஸ்டில்டு த சைல்டு."

குழந்தை என்றதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "டீச்சர், ஸ்டில் பார்ன்னா?"

நல்ல கேள்வி கேட்டுவிட்டேன் என்று ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. டீச்சர் போர்டைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். பிறகு, "அதை அப்புறம் சொல்றேன்கா" என்று வேறு வாக்கியத்துக்குப் போய்விட்டாள்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் படி இறங்கிய பிறகு என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வார்த்தையை எங்க கேட்டீங்க அக்கா?"

"என் மொதப் பிரசவத்துல. டாக்டர் சொன்னாங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நீங்க அதை என்னன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"

சொன்னேன். என் இன்னும், என் பிறந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண் நிறைந்துவிட்டது.

"அது ரெண்டு வார்த்தை இல்லக்கா. ஒரே வார்த்தை. அதுல இன்னும்ங்கிற அர்த்தம் இல்ல." அதற்கு மேல் சொல்ல அவளுக்குத் தயக்கமாக இருந்தது. நான்தான் சொன்னேன், போர்டில் இன்னும் அழிக்காமல் இருந்த வரியைப் பார்த்துக்கொண்டு. "அசையாம."

"ஆமாக்கா. உள்ளேயே... அசையாமப் பொறந்தது."

இதைக் கேட்டால் நிம்மதி வரும் என்று யாராவது நினைக்கலாம். எனக்கு வரவில்லை. அந்த நேரம் வரைக்கும் எனக்கு ஒரு மகள் இருந்தாள். ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவளுடைய சீருடை, சடை, புத்தகப் பை, நடை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கடைசியில் ஒரு சின்னத் துணி மூட்டைதான் மிஞ்சியது. அதை நான் பார்த்ததுகூட இல்லை. டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அவசரமாகப் பிடிக்க வேண்டிய பஸ் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் தொழிற்சாலைச் சங்கு ஊதி, என் கணவர் வீட்டுக்கு வந்தார். பையன் கிரிக்கெட் விளையாடப் போயிருந்தான். காபியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"என்னங்க. மொதக் கொழந்த. நீங்க கையில வாங்குனப்ப அசைஞ்சுதா?"

டம்ளரைக் கீழே வைத்தார். 

"அசையல. ஆனா சூடா இருந்துது. ஆயா துணியில சுத்திக் கையில குடுத்துது. வெதுவெதுன்னு இருந்துது. இவ்வளவு சூட்டுல எப்படிச் செத்துருக்கும்னு நான் ஆயாகிட்ட ரெண்டு மட்டம் கேட்டேன். 'அது அம்மா ஒடம்புச் சூடு சார்'னு சொன்னுது. ரிக்‌ஷாவுல மடியில வச்சுக்கிட்டுப் போனேன். அயனம்பாக்கம் ஏரிகிட்ட போய்ச் சேருததுக்குள்ள சூடு ஆறிட்டு. இப்பமும் எனக்கு மடி குளுந்த மாதிரி தோணும். வேலை செய்யும்போதே தோணும்."

"மொகம்?"

"பாத்தேன். உன் மொகம்."

"காது?"

"துணி சுத்தியிருந்துது. வெலக்கிப் பாக்க எனக்குத் தைரியம் வரல."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை இருவரும் அயனம்பாக்கம் போனோம். பையனிடம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றோம். அம்பத்தூரில் பஸ் மாறி, இறங்கி, ஏரிக் கரை ஓரமாக நடந்தோம். அவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார், நின்றார், திரும்பி வந்தார், மறுபடி போனார். ஒரு பக்கம் புதுச் சுற்றுச்சுவர் எழுப்பியிருந்தார்கள். இன்னொரு பக்கம் வீடுகள் வந்திருந்தன, மாடியில் துணி காய்ந்தது. "ஒரு கருவேல மரம் நின்னுது," என்றார். "இங்கதான். இல்ல, கொஞ்சம் அங்கிட்டு." அவருடைய குரலில் இருந்த கலவரத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. போதும், விடுங்கள் என்று அவர் கையைப் பிடித்தேன். கையோடு கொண்டுபோயிருந்த பாலைச் சுவருக்கு இந்தப் பக்கம் மண்ணில் ஊற்றினேன். மண் உடனே குடித்துவிட்டது. ஏரித் தண்ணீரில் முக்குளிப்பான் பறவைகள் முங்கி முங்கி வேறு வேறு இடத்தில் எழுந்துகொண்டிருந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். எப்படியோ பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுத்து நகர்ந்த பிறகு, அவர் என் பக்கம் சாய்ந்து, "பொண்ணு பொறந்தா வைக்கணும்னு ஒரு பேரு நெனச்சு வச்சிருந்தேன்," என்றார்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"பொறந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அந்தப் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பெயர், அவர் எங்கே பிடித்தாரோ. அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கிற சில வேளைகளில் அந்தப் பெயர் பேச்சில் வரும். அவளுக்கு இந்த மழை பிடித்திருக்கும் என்பார். அவள் இருந்தால் இந்தக் குழம்பைத் தொட மாட்டாள் என்பேன். வாசலில் பையனின் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.