மஸ்கட்டுக்குப் போன கட்டுச்சோறு

பெருநகர் கிராமத்து எல்லம்மாளிடம் எதையும் முடியாது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அதைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள். வரப்பில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் செய்யாற்றங்கரை வரை கேட்கும்.

அவளுடைய ஒரே மகள் சுதா மஸ்கட்டில் இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். ஒன்பதாம் மாதம் வந்தும் சோறு ஒட்டவில்லை; எதைத் தின்றாலும் வாந்தி. அவள் விமானம் ஏறவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். அந்த மாதத்தில்தான் தாய்வீட்டுக் கட்டுச்சோறு பெண்ணுக்குப் போக வேண்டும். "உன் கையால ஒரு வாய் தயிர்சோறு துன்னா போதும்மா" என்று போனில் அழுதாள் சுதா.

சம்பந்தி பவளம் சிரித்தாள். "இன்னா சம்பந்தி, ஏரோப்ளேன்ல சோறு தூக்கிக்கினு போவப்போறீங்களா? ஊசிப்பூடும்."

அவ்வளவுதான், எல்லம்மாள் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள்.

தூரவழிக்குத் தயிர்ச்சோறு கட்டுவதில் ஒரு பக்குவம் உண்டு. சோற்றைப் பாலில் பிசைந்து, போகிற நேரத்துக்குத் தக்கபடி உறைமோர் விட்டால், போய்ச் சேரும்போது தயிராகியிருக்கும். டிக்கெட்டைப் பார்த்தாள். சென்னையில் ஏறுவது இரண்டு மணி, மஸ்கட்டில் இறங்குவது நாலேகால். அட, இவ்வளவுதானா! அந்தக் கணக்குக்கே உறையைக் கூட்டி விட்டு, சூடு ஆறாமலிருக்கத் தூக்குவாளிக்குத் துண்டும் சுற்றினாள்.

படப்பை தாண்டும்போது இந்தக் கணக்கைக் கேட்டு, கார் ஓட்டிவந்த தினேஷ்குமார் தலையில் அடித்துக்கொண்டான். "நாலேகாலுன்றது அவங்க ஊரு மணிக்கா. நம்மளவிட ஒன்ர மணி நேரம் பின்னாடி. ரெண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல கீது, கிட்டத்தட்ட நாலு மணி நேரம் பறக்கணும்."

எல்லம்மாள் தூக்கைத் தொட்டுப் பார்த்தாள். சித்திரை வெயில். புளித்த சோற்றை மகளின் வயிறு ஏற்குமா? அதையும் தள்ளிவிட்டால் இவ்வளவு தூரம் போய் என்ன பயன்?

"வண்டிய நிறுத்துப்பா!"

டீக்கடைக்காரரிடம் காய்ச்சிய பால் வாங்கி, நுரை பறக்க ஆற்றித் தரச் சொன்னாள். துண்டை உருவி எறிந்தாள். தூக்கைத் திறந்து, பாலை விட்டு, ரோட்டோரத்திலேயே கைவிட்டுப் பிசைந்தாள். டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

விமானத்தில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. பெட்டியோடு கீழே போய்விட்ட தூக்கிலேயே இருந்தது நினைப்பு.

மகள் வீட்டில் தூக்கைத் திறந்தாள். ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். புளிப்பே இல்லை. முதல் உருண்டையைச் சுதா வாயில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இருவரும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். உள்ளே போனது உள்ளேயே நின்றது. இரண்டாவது, மூன்றாவது என்று கை ஓயவில்லை. தூக்கை வழித்தும் ஆயிற்று. எல்லம்மாள் வாய்விட்டு அழுதாள், அவ்வளவு சந்தோஷம்.

"இன்னும் பசிக்குதும்மா" என்றாள் சுதா.

எல்லம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "அரிசி எங்க கீது, சொல்லு."