வலது பக்கம் திரும்பாத கார்

பல்லக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு எங்கே போகிறாள் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. இதை அவளுடைய வீட்டுக்காரர் ஒரு பெருமையாகவே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். "எங்க வீட்டம்மா சும்மா கிளம்பிப் போயிடுவாங்க. ரோடு எங்க கூட்டிட்டுப் போகுதோ அங்க. அதுக்கெல்லாம் ஒரு மனசு வேணும் சார்" என்று அவர் மாடி வீட்டுக்காரரிடம் அளந்துகொண்டிருக்கும்போது, அவள் உள்ளே பாத்திரம் துலக்கியபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தேடி வருகிற புகழை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற அளவுக்கு அவள் நல்லவள் இல்லை.

உண்மை என்னவென்றால், அவளுக்கு வலது பக்கம் திரும்ப வராது.

மற்றதெல்லாம் வரும். கியர் போட வரும், பிரேக் பிடிக்க வரும், முன்னால் போகிறவனை முணுமுணுப்பாகத் திட்ட வரும். நேராகப் போகச் சொன்னால் நாள் முழுக்கப் போவாள். இடது பக்கம் திரும்புவது கைவந்த கலை. எதிரே வருகிற வண்டிகளின் குறுக்கே புகுந்து வலது பக்கம் திரும்ப வேண்டும் என்றால் மட்டும் கால் வெடவெடக்கும், காது அடைத்துக்கொள்ளும். கார் ஓட்டக் கற்றுக்கொண்ட புதிதில் ஒரு நாற்சந்தியின் நட்டநடுவே அவள் வண்டி நின்றுபோயிற்று. எதிரே தண்ணீர் லாரி, பின்னால் பஸ். எல்லோரும் ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கற்றுக்கொடுத்தவர் லாரியை நிறுத்துவதற்காகக் கதவைத் திறந்து இறங்கி ஓடினார். வாத்தியாரே தன்னை விட்டுவிட்டுத் தப்பித்து ஓடுகிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். அன்றோடு வலது பக்கத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டாயிற்று. லைசென்ஸ் தேர்வு நாளில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதிகாரி கட்டடத்தை இடது பக்கமாக ஒரு சுற்று சுற்றி வரச் சொன்னார். அவள் அன்ன நடையாகச் சுற்றி வந்தாள். பாஸ்.

ஆக, அவளுடைய ஊர் சுற்றலின் ரகசியம் இவ்வளவுதான். இடது, இடது, இடது, இன்னொரு இடது. வீடு வந்துவிடும். கொஞ்சம் நேரம் கழித்துத் திரும்பினால் பெரிய சுற்று, உடனே திரும்பினால் சின்னச் சுற்று. மனசுக்குப் பிடித்த பாதை என்று அவள் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. தலை தப்புகிற பாதையில் போனாள், அதை வீட்டுக்காரர் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் அதில் அவள் கண்ட சுகம் பொய்யில்லை. வாரம் ஆறு நாளும் அவளுக்கு வேலை ஒரு பல் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சன்னல் இல்லாத ஓர் அறையில். பல் செட் செய்கிற வேலை. டாக்டர் எடுத்துக் கீழே அனுப்புகிற வாய் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்த பின் மெழுகில் ஈறு கட்டி, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட வேண்டும். அலமாரி நிறைய ஊர்க்காரர்களின் வாய்கள். முகம் ஒன்றையும் அவள் பார்த்ததில்லை. 'பல்லக்கா' என்ற பெயர் அங்கே வைத்தது. அப்படிப்பட்டவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று முகத்தில் அடிக்கப் போவது எப்படி இருக்கும்? அடைத்து வைத்த மூச்சை விட்டது போல இருக்கும்.

போகிற வழியெல்லாம் அவளுக்கு வேடிக்கைதான். கண்ணாடிக் கடைகள் மட்டும் இருக்கிற தெரு ஒன்று உண்டு. நடைபாதை நெடுகச் சாத்தி வைத்திருக்கும் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் அவள் கார் ஊர்வலம் போகும். அந்தத் தெரு முடிகிற வரைக்கும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பாள். இன்னொரு சந்தில் ஒரு நாய் நடு ரோட்டில் படுத்துத் தூங்கும். அதைச் சுற்றிக்கொண்டு போக வலது பக்கம் ஒடிக்க வேண்டும் என்பதால், அது தானாக எழுந்து சோம்பல் முறிக்கிற வரைக்கும் காத்திருப்பாள். "எவ்வளவு இரக்க குணம் இந்தம்மாவுக்கு" என்று அந்தச் சந்தில் அவளுக்கு நல்ல பெயர். உடைந்த நாற்காலியை ஏன் எல்லோரும் பால்கனியில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள், மருந்துக் கடைக்காரர்கள் ஏன் சிரிப்பதே இல்லை, இப்படி உலகத்துக்கு உபயோகமில்லாத யோசனைகள் வரிசை கட்டி வரும். சிக்னலில் பக்கத்து வண்டியில் கொட்டாவி விடுகிறவரின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பாள். ஒரு முறை பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே வந்தார். அது தன் கையால் செய்த பல் என்று அவளுக்கு அடித்துச் சொல்லத் தோன்றியது. பஸ்ஸின் பின்னாலேயே பல தெரு போனாள். பஸ் வலது பக்கம் திரும்பியது. பல்லும் போயிற்று.

வண்டிக்குள் அவள் வாய்விட்டுப் பேசவும் செய்வாள். பேச்செல்லாம் தங்கையோடு. தங்கை பக்கத்தில் இல்லாததால் அவள் பங்கையும் இவளே பேச வேண்டியிருந்தது. எல்லா வாக்குவாதத்திலும் இவளே ஜெயித்தாள்.

தங்கை வெகு இளையவள். பெயிண்ட் கம்பெனி ஒன்றில் கிடங்குப் பொறுப்பு. ஊர் ஊராக மாற்றலாகிப் போய் லாரிக்காரர்களை அதட்டி வேலை வாங்குகிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்திருந்தபோது பல்லக்கா அவளிடம், "கொஞ்சம் பேங்க் வரைக்கும் கூட வாடி" என்றாள். தங்கைக்கு என்ன எரிச்சலோ, "பேங்குக்குப் போறதுக்கும் துணையா? உனக்கு எல்லாத்துக்கும் ஒரு ஆள் வேணும்கா. தனியா ஒண்ணும் வராது உனக்கு" என்று சொல்லிவிட்டாள். அதை மன்னித்திருக்கலாம். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் சிரித்துத் தொலைத்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை. பல்லக்கா பேச்சை நிறுத்தினாள். அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். கோபம் வந்தால் சிலர் சாப்பிட மாட்டார்கள். இவள் ஐம்பது வயசுக்கு மேல் கிளட்ச் மிதித்தாள்.

போன மழைக்காலத்தில் தங்கையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'உன் ஊருக்கே வந்துட்டேன். முடிஞ்சா வீட்டுக்கு வா.' கீழே விலாசம். கையெல்லாம் மாவோடு அதைப் படித்தவள், உள்ளே கோபத்தைத் தேடிப் பார்த்தாள். அது இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. எப்போது போனது என்றும் தெரியவில்லை. இத்தனை நாளும் காலி வீட்டுக்குக் காவல் இருந்திருக்கிறோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. தங்கையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை பொங்கியது. உடனே பதில் போட்டாள். 'ஞாயிறு வரேன்.' அத்தோடு விட்டிருக்கலாம். வீராப்பு விடுமா? 'நானே கார் ஓட்டிட்டு வரேன்' என்று ஒரு வரி சேர்த்தாள்.

அந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டாள். தங்கை குடியிருந்த கட்டடம் ஓர் அகலமான பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். இவள் வருகிற தெரு நேராகப் போய் அந்தப் பெரிய ரோட்டில் முட்டி முடியும். இடது பக்கம் திரும்பினால் மறுபடி வீடு. வலது பக்கம் திரும்பினால் தங்கை. நடுவில் இருந்தது சிக்னல் இல்லாத ஒரு முச்சந்தி. இடது பக்கம் போய்த் தடுப்புச் சுவர் முடிகிற இடத்தில் வளைந்து வரலாம்தான். ஆனால் அது வலது திருப்பத்துக்கு அண்ணன்.

பஸ்ஸில் போகலாமே, காரை இடது ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போகலாமே என்று எவருக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றாமல் இல்லை. "கார் எங்கக்கா?" என்று தங்கை கேட்பாள். "அந்தப் பக்கம்." "ஏன் அந்தப் பக்கம்?" தங்கை சொன்னது சரிதான் என்று தங்கையின் வாசலிலேயே போய் நின்று ஒப்புக்கொள்வதற்கா இவ்வளவு பாடுபட்டது?

எனவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முச்சந்தி வரைக்கும் வந்தாள். இன்றைக்குத் திரும்பியே தீருவது என்று சபதம் செய்தாள். பின்னால் யாராவது ஹார்ன் அடிப்பார்கள், கை தானாக இடது பக்கம் வளைக்கும். வீட்டுக்கு வந்து செய்தி போடுவாள். 'அவசரமா ஒரு பல் செட் முடிக்க வேண்டியிருக்கு.' 'மாமாவுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு.' சப்பைக்கட்டு கட்டுவதில் மட்டும் அவளுக்கு யாருடைய துணையும் தேவைப்படவில்லை. தங்கை 'சரிக்கா' என்று மட்டும் பதில் போடுவாள். அந்தச் 'சரிக்கா' வாரத்துக்கு வாரம் உலர்ந்துகொண்டே வந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கையே செய்தி அனுப்பினாள். 'வேற ஊருக்கு மாத்தல் கேட்டிருந்தேன். குடுத்துட்டாங்க. போறேனா இல்லையான்னு நாளைக்குச் சொல்லணும். இன்னிக்காவது வருவியா?'

பல்லக்கா அடுப்பில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்தாள். குளித்தும் குளிக்காமலும் கிளம்பினாள். "எந்தப் பக்கம் சவாரி?" என்று சிரித்துக்கொண்டே கேட்ட வீட்டுக்காரரை முறைத்தாள். அன்றைக்குக் கண்ணாடித் தெருவும் தெரியவில்லை, எவருடைய பல்லும் தெரியவில்லை. முச்சந்திக்கு வந்து நின்று, வலது பக்க விளக்கைப் போட்டாள். கார் வாங்கியதிலிருந்து கைபடாமல் கிடந்த விளக்கு அது. டிக் டிக் என்ற சத்தமே அவளை மிரட்டியது.

அப்போது போன் அடித்தது. தங்கையின் குரல்.

"அக்கா, திரும்பிப் போயிடாதே."

பல்லக்கா தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். "நீ... எங்கேர்ந்து பேசறே?"

"சன்னல்லேர்ந்துதான். எதிர்த்தாப்ல மூணாவது மாடி. வாரா வாரம் பாத்துட்டுத்தானே இருக்கேன். இங்க வரைக்கும் வரே, நிக்கறே, என் வீட்டைப் பாக்கறே, அந்தப் பக்கம் திரும்பிப் போயிடறே. வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வர மனசு வரல இல்ல உனக்கு? நான் சொன்னது தப்புதான்க்கா. அதுக்கு இவ்வளவா?"

"ஐயோ, அதில்லடி..."

"வேற என்ன?"

பின்னால் ஒரு வேன்காரர் ஹார்னை அழுத்தினார். பல்லக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள். "எனக்கு வலது பக்கம் திரும்ப வராதுடி."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுக்கா. கோபம்னா கோபம்னு சொல்லிட்டுப் போ."

"சத்தியமாடி. கோபமே இல்ல. கோபமெல்லாம் எப்பவோ..."

வேனுக்குப் பின்னால் ஒரு பஸ்ஸும் சேர்ந்துகொண்டு அலறியது. கோபமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பல்லக்காவின் கை வளைத்தது. வண்டி இடது பக்கம் திரும்பிற்று. வலது பக்க விளக்கு எரிந்துகொண்டிருக்க, கார் தங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனது. போன் கட்டாகிவிட்டது.

தன்னைப் போல ஒரு ஜென்மம் உலகத்தில் இருக்குமா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. காரை ஓரத்தில், நிறுத்தக் கூடாது என்று பலகை இருந்த இடத்துக்கு நேர் கீழே நிறுத்தினாள். கதவைச் சாத்தினாளா என்று கூடத் தெரியாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முச்சந்தியைப் பார்த்து ஓடினாள். பாதி ரோட்டைத் தாண்டித் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து வண்டிகளுக்கு ஒற்றைக் கையைக் காட்டி நிறுத்திக்கொண்டே ஒருத்தி வந்தாள். தலை சீவவில்லை. வீட்டில் போடுகிற நைட்டி, இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. தங்கைதான்.

"எங்கேடி ஓடறே?" என்றாள் பல்லக்கா.

"உன் காரைப் பிடிக்கத்தான். இந்தத் தடவை விடறதா இல்ல. பிடிச்சு நாலு கேள்வி கேக்கணும்னு வந்தேன்." தங்கை அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். வேர்த்து வழிகிற முகத்தையும், தூக்கிச் செருகின சேலையையும் பார்த்தாள். "நிஜமாவே திரும்ப வராதா?"

"வராது."

"இத்தனை மாசமா?"

"கார் வாங்கின நாள்லேர்ந்து."

"அடிப்பாவி! நீ கோபத்துல போறேன்னு நினைச்சு வாரா வாரம் சன்னல்ல நின்னு அழுதிருக்கேன். இதுக்கா அழுதேன்?" என்று கேட்டுத் தங்கை சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை. இரண்டு பக்கமும் பஸ்கள் உரசிக்கொண்டு போக, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். பல்லக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. தங்கையை எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த நேரத்தில்தான் முழுசாகத் தெரிந்தது. இவளை அழவிட்டுவிட்டு இடது பக்கமாக உல்லாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாத்தல் வேணாம்னு நாளைக்குச் சொல்லிடறேன்" என்றாள். பிறகு ரோட்டையும், அதன் அந்தக் கோடியில் கதவு திறந்து கிடந்த காரையும் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. இனிமே வாரா வாரம் நான்தான் இறங்கி வந்து ஏறிக்கணும் போல இருக்கே?"

பல்லக்கா வழக்கம் போல ஒரு வீராப்பைத் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"ஆமாடி, நீதான் வரணும். என்னால தனியா முடியல" என்று சொல்லித் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.