பன்னிரண்டு குறைகளும் ஒரு பிளாஸ்க் டீயும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷபானா என் வாசலில் வந்து நின்றாள். பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "போச்சுக்கா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போச்சா? இவளுக்கா?

ஷபானா எங்கள் பேரணாம்பட்டுத் தெருவில் பக்கத்து வீடு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தையல் மெஷின். வலது தோள்பட்டை போய்விட்டது. இனிமேலும் மெஷினில் உட்கார்ந்தால் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே வழி – ஷூ செய்யும் தோலைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் செக்கர் வேலை. அதற்கு ஒரு டெஸ்ட். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு... இப்படிப் பன்னிரண்டு குறைகள். எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் பெயர். தோல் துண்டைக் காட்டினால் பெயரைச் சொல்ல வேண்டும். தேறாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான்.

கோச்சிங் யார்? நான்தான்! முப்பது வருஷம் டியூஷன் எடுத்தவள் ஆயிற்றே. "இருபது தடவை படி. கடைசி நாள் தூங்கவே தூங்காதே" என்று நானே டீ போட்டு பிளாஸ்க்கில் கொடுத்தனுப்பினேன். பாவம், படித்தாள். கம்பெனி கொடுத்த புத்தகம் முழுக்க மஞ்சள் மார்க்கர்.

"துண்ட எதிர்ல வெச்சாங்கக்கா. பாத்த மாதிரியே இருக்குது... பேருதான் வாயில வரல. கண்ணு வேற சொக்குது. பன்னெண்டுல நாலு!"

நாலா!

அதைவிட அதிர்ச்சி, அவளோடு ஒரே பஸ்ஸில் போகும் கஸ்தூரி அதே டெஸ்டில் பதினொன்று. எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே போய்விட்டேன்.

"நீ எத்தனை தடவைம்மா படிச்சே?"

"ரெண்டு தபாதான்க்கா. அப்புறம் புக்க மூடி மடியில வெச்சுக்குவேன். பஸ்ல எவ செருப்பு, எவ பேகு கண்ணுல பட்டாலும், இதுல இன்னா குறைன்னு என்னையே கேட்டுக்குவேன். வரலைன்னாதான் தொறந்து பாப்பேன். டெஸ்டுக்கு மொத நாளு நல்லா தூங்கிட்டேன்."

"தூங்கினியா!" கத்தியேவிட்டேன். பஸ்ஸில் இருந்த பெண்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

மனோதத்துவம் படிக்கும் என் தம்பி மகளிடம் போனில் புலம்பினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "திரும்பத் திரும்பப் படிச்சா தெரிஞ்ச மாதிரி தோணும், அவ்ளோதான் அத்தை. மூடி வெச்சுட்டு யோசிச்சு எடுத்தாதான் நிக்கும். பகல்ல படிச்சது தூக்கத்துலதான் கெட்டிப்படும். நீங்க அந்தத் தூக்கத்தையும் டீ ஊத்திக் கெடுத்துட்டீங்க!"

நல்லவேளை, கம்பெனியில் அடுத்த புதன்கிழமைக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள்.

போன் பேசிய அன்றைக்கே புத்தகத்தை மூடினோம். ஷபானா முதலில் கை வைத்தது என் புது ஹேண்ட்பேக்கில். கண்ணைச் சுருக்கிப் பார்த்து இங்கிலீஷ் பெயரைச் சொல்லிவிட்டு, "அக்கா... இது உண்ணி கடிச்சது" என்றாள். என்ன அநியாயம்! கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது! என் வீட்டுக்காரர் பெல்ட்டில் முள் கீறல். சில பெயர்கள் வரவே இல்லை. திணறினாள். அப்போது மட்டும் புத்தகத்தைத் திறந்தோம். மறுநாள் அதே பெயர்கள் தானாக வந்தன. ஒன்பது மணிக்கெல்லாம் அவள் வீட்டில் விளக்கு அணைந்துவிடும். நான் டீ பக்கமே போகவில்லை.

புதன்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிரித்தாள். பதினொன்று! "மெஷின உட்டு எழுந்துட்டேன்க்கா!" என்று வலிக்காத கையால் என்னைக் கட்டிக்கொண்டாள். நடுரோட்டில் நான் அழுதுவிட்டேன்.

சந்தோஷம்தான். ஆனால் அன்றிலிருந்து ஒன்று மனசை அரிக்கிறது. முப்பது வருஷம்! பரீட்சைக்கு முதல் நாள் கண் சொக்கிய எத்தனை பிள்ளைகளின் முகத்தில் தண்ணீர் தெளித்து, "எழுந்து படி" என்று அதட்டியிருப்பேன்? மார்க் குறைந்தவர்களை மக்கு என்று வேறு திட்டியிருக்கிறேன்.

பிள்ளைகளே... மக்கு நான்தான்.