அண்ணன் பேரில் இருந்த நம்பர்

மூன்று வருடத்தில் நான்கு வாடகை வீடு மாறியவள் குமுதா. இப்போது கோபம் போன் கம்பெனி மீது. வீட்டுக்குள் லைனே கிடைப்பதில்லை.

"நம்பர் இதே இருக்கட்டும், கம்பெனிய மாத்தும்மா" என்று சூலியா தெரு போன் கடையில் அடையாள அட்டையை நீட்டினாள்.

கடைக்காரப் பெண் தட்டிப் பார்த்தாள். "நம்பர் உங்க பேர்ல இல்லியே அக்கா. யார் பேர்ல இருக்கோ அவங்க வரணும்லா."

பதினைந்து வருடத்துக்கு முன் அண்ணன் தன் பேரில் வாங்கிக் கொடுத்த சிம் கார்டு அது. அவனோடு பேச்சு நின்று ஆறு வருடம். காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி யோசித்தவள், அந்த நம்பரிலிருந்தே அவனை அழைத்தாள்.

"ஹலோ, யாரு பேசறது?" என்றான் அண்ணன்.

குமுதா போனை வைத்தாள்.

"புது நம்பரே குடும்மா. என் பேர்ல."