சித்தப்பாவின் கொழும்புப் பாட்டு

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாக எழுத வராது. முன்னால் நடந்தது பின்னால் போய்விடும், சிலது விட்டும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டு மட்டும் மறக்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் றொசல்லைப் பக்கம். எனக்கு எட்டு வயது இருக்கும். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு தகரப் பெட்டியோடு, வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தார். பெட்டியில் இரண்டு சட்டை, வாய் நிறையப் பாட்டு. அந்தியில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டியைத் தட்டிக்கொண்டு பாடுவார்.

“கொழும்புக் காத்து வீசுதடி கோட்டை ரோட்டுல – நான்
கோட்டு மாட்டி நடக்கையிலே கோடி வெளிச்சமாம்”

கூரை ஒழுகுகிற எங்கள் காம்பராவுக்குள் கடற்கரையும் கடைவீதியும் வந்துவிடும். பிள்ளைகள் நாங்கள் சுற்றிச் சுற்றி ஆடுவோம். அம்மாவுக்குத்தான் பிடிக்காது.

“மெதுவா பாடுங்க தம்பி. பேர் இல்லாத ஆள வச்சிருக்கோம்னு காவக்காரன் போய்ச் சொல்லிருவான்.”

“பாட்டுக்கும் பேர் பதியணுமா அண்ணி?” என்று சிரிப்பார்.

செக்ரோல் பதிவேட்டில் பேர் விழாத ஆளுக்குத் தோட்டத்தில் வேலையும் இல்லை, லயத்தில் தங்க இடமும் இல்லை. அப்பா விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் தம்பிக்காகக் கேட்பார்.

“கோட்டு மாட்டுனவரு செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியப் புடிப்பாராக்கும்?” என்பார் கணக்கப்பிள்ளை. அதோடு சரி.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு அம்மாவுக்கு ரொட்டி கொண்டுபோனேன். கொழுந்து பறிக்கிற மலையில் ஒரு நிரைப் பெண்கள் பாட, எதிர் நிரை வாங்கிப் பாடும். தோட்டத்துத் துரை தலை தெரிந்தால் எல்லா வாயும் தானாக மூடிக்கொள்ளும், கை மட்டும் ஓடும். அன்றைக்குத் துரை வளைவில் திரும்பும்போதுதான் ஒரு குரல் எழும்பியது. யாரென்று பார்த்தால் அம்மா. அப்பாவுக்கு முன்னால்கூடச் சத்தமாகப் பேசாத அம்மா.

“கொழுந்து பறிச்சு நிக்கிறோமே கோடி மலையில – எங்க
கொழுந்தன் பேரப் போட்டுவிடு செக்ரோலுல”

சித்தப்பாவின் மெட்டேதான். எதிர் நிரை அதை அப்படியே வாங்கியது.

“இன்னும் சத்தமா பாடுங்கடி, துரைக்குக் காது தூரம்” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

கணக்கப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. துரை சீமையிலிருந்து புதிதாக வந்தவர், தமிழ் தெரியாது. நின்று இங்கிலீசில் என்னவோ கேட்டார். கணக்கப்பிள்ளை குனிந்து பதில் சொன்னார். அதில் ‘கொழும்பு’ என்ற ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது. துரை சிரித்தார். கைப்பிரம்பால் சப்பாத்துக் காலில் தாளம் தட்டிக்கொண்டே போய்விட்டார்.

நான் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன்.

“துரை சிரிச்சாரு சித்தப்பா, தாளமும் போட்டாரு. நாளைக்கே ஒங்க பேரப் போட்டுருவாரு.”

என்ன பாடினார்கள் என்று கேட்டார். பாடிக் காட்டினேன்.

“அண்ணியா பாடுனாங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு, முகம் கழுவப் பீலிக்கரைக்குப் போனார். வெகுநேரம் கழுவினார்.

பேர் விழவில்லை. கொஞ்ச நாளில் காவல்காரன் வந்து, பேர் இல்லாத ஆள் லயத்தில் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டார். றொசல்லை ரயில் ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். கொழும்புக் கோச்சி வந்தது. எனக்கு ஒரே பெருமை. சிவப்பு ரிப்பன் வாங்கிவரச் சொன்னேன்.

“வாங்கியாறேன்டா” என்றார்.

கோச்சி வளைவில் மறைகிறவரைக்கும் அவர் பாட்டைச் சத்தமாகப் பாடினேன். அம்மா என் கையை இறுகப் பிடித்து, “போதும், வா” என்றாள். அவளுக்கு இன்னும் அந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கொழும்புக் கடையில் இலங்கைப் பிரஜாவுரிமைக் கடதாசி கேட்டார்களாம். இந்தியாவிலிருந்து வந்த பரம்பரை என்று எங்கள் ஆட்கள் பலருக்கு அதைக் கொடுக்கவில்லை. அது இல்லாமல்தான் சித்தப்பா எங்களிடம் வந்தாராம். தோட்டமும் கைவிட்ட பிறகு, அவர் ஒருநாளும் பார்த்திராத இந்தியாவுக்கு, தலைமன்னாரில் கப்பலேறப் போனார். நான் பெரியவளான பிறகுதான் இதெல்லாம் சொன்னார்கள்.

தலைமன்னாருக்குப் போகிறவர்கள் பாதி வழியில் இறங்கி வேறு கோச்சி ஏற வேண்டும். அந்த இடம் பொல்காவலை என்று நினைக்கிறேன், நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். எதுவரைக்கும் அவர் கொழும்புக் கோச்சியில் இருந்தார் என்று எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும்.