காத்திருப்பவர்களுக்கு ஒரு புல்லாங்குழல்

ஜி.எம். சார் என் ரிசீவரைக் காதில் வைத்து, கண்களை மூடி, மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலை வேளை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் அங்கே டெலிபோன் ஆபரேட்டர். புதிதாக ஓர் எக்ஸ்சேஞ்ச் பெட்டி வாங்கியிருந்தார்கள். பழைய பெட்டியில் யாரையாவது காத்திருக்க வைத்தால் 'டொய்ங், டொய்ங்' என்று ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வரும். புதியதில் நமக்கு வேண்டிய பாட்டைப் போட்டுக்கொள்ளலாம். அது எந்தப் பாட்டு என்று முடிவு செய்யத்தான் ஆயிரம் பேரை ஆட்டிவைக்கிற மனிதர் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கர்நாடக எல்லையை ஒட்டி மூன்று பாஷைகள் புழங்குகிற எங்கள் ஊரில் அப்படி இல்லை. தமிழ்ப் பாட்டு வைத்தால் பெங்களூர்க் கஸ்டமர் என்ன நினைப்பார்? கன்னடப் பாட்டு வைத்தால் கேன்டீனில் சண்டை வரும். தெலுங்கு வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டு வரும். பர்சேஸ் அதிகாரி ஒரு பக்திப் பாட்டைச் சிபாரிசு செய்தார். அப்போது ஸ்டோர்ஸில் இருந்த முஸ்லிம் பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதை ஜி.எம். சார் கவனித்துவிட்டார், வேண்டாம் என்றார். அந்த நுணுக்கம் அவருக்கு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். வீணை டெலிபோனில் கம்பியைச் சுரண்டுவதுபோல் கேட்டது. ஷெனாய் சாவு வீட்டை ஞாபகப்படுத்தியது. கடைசியில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, சொல் எதுவும் இல்லாத, யாருடைய பாஷைக்கும் சொந்தமில்லாத ஒரு மெட்டைப் புல்லாங்குழலில் வாசிக்கச் சொல்லி வாங்கி வந்தார். பாட்டு முடிந்து மறுபடி தொடங்குகிற இடத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம் வந்தது. அதைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியனைப் பாடாய்ப் படுத்தினார். "காத்திருக்கறவங்களுக்கு நேரம் போறதே தெரியக் கூடாதும்மா. அதுதான் நாம அவங்களுக்குக் குடுக்கற மரியாதை" என்றார். நானும் அப்போது மெய்மறந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு பண்பான மனிதருக்குக் கீழே வேலை செய்கிறோமே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்த மெட்டு அவருக்கு எவ்வளவு பிடித்துப்போனதென்றால், ஆலைக்குள் டீ இடைவேளைக்கு அடிக்கிற சைரனையே நிறுத்தச் சொல்லிவிட்டார். மனிதர்களை அலறவைத்து டீக்கு அனுப்புவதா என்று கேட்டு, ஒலிபெருக்கியிலும் அதே புல்லாங்குழலைப் போடவைத்தார். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு நேரத்தில் டீ என்பதால் காலையில் பல தடவை அது கேட்கும். கொஞ்ச நாளில் ஆட்களின் வாயிலும் அது ஏறிவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சைக்கிள் ஸ்டாண்டிலும் அதையே சீட்டியடிப்பார்கள். இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டுகிற பிரெஸ் ஷாப்பில் கான்ட்ராக்டில் வேலை செய்த உத்தனப்பள்ளிக்காரர் ஒருவர் அதை நன்றாகச் சீட்டியடிப்பார். என் கண்ணாடி அறையைக் கடக்கும்போது எனக்கு ஒரு வணக்கம், பிறகு அந்த மெட்டு. அவ்வளவுதான் எனக்கு அவரோடு பழக்கம்.

ஒருநாள் காலை கண்ணாடி வழியாக ஓர் ஆம்புலன்ஸ் வெளியே போவதைப் பார்த்தேன். என்ன ஏது என்று யாரையும் கேட்பதற்குள் ஜி.எம். சார் வேகமாக உள்ளே வந்தார். "எழுந்திரும்மா, போர்டை நான் பாத்துக்கறேன்" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தது அன்று ஒருநாள்தான். வருகிற அழைப்பை எல்லாம் அவரே எடுத்தார். "ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று ஒரு பெண்ணிடம் அவர் பணிவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. ஹோல்ட் பட்டனை அழுத்திவிட்டு, தன் செல்போனில் கான்ட்ராக்டரோடும் வக்கீலோடும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். போர்டில் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல், "சார், லைன்ல யாரோ ஒரு அம்மா காத்துட்டு இருக்காங்களே" என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாட்டு ஓடுது இல்ல, இருக்கட்டும்" என்றார்.

சாயங்காலம்தான் விஷயம் வெளியே வந்தது. உற்பத்தி கூட வேண்டும் என்பதற்காக ஒரு பிரெஸ்ஸின் பாதுகாப்புக் கதவைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதில் மாட்டிக்கொண்டவர் அந்த உத்தனப்பள்ளிக்காரர். முதலில் ஓசூரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நினைவு இருந்திருக்கிறது, பெண்டாட்டியைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவரோடு போனவர்களின் செல்போன்கள் எல்லாம் எங்கள் வழக்கப்படி கேட்டில் பூட்டிக் கிடந்தன. நிலைமை மோசமானதும் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். எல்லை தாண்டிய கொஞ்ச நேரத்தில் வழியிலேயே உயிர் போய்விட்டது. அதற்குள் இங்கே கதவைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். அது மாட்டி முடிகிற வரை வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது என்பதற்காகத்தான் அவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் பெண்டாட்டி கேட்டுக்கு வந்தாள். ஆபீஸில் யாரும் அவளுக்கு முகம் கொடுக்காததால் என் அறையில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. யாரோ செய்த தப்பைத் தான் செய்ததுபோல் என்னிடம் விளக்கம் சொன்னாள்.

"பக்கத்து வூட்டுப் பையன் சொன்னான்க்கா, உங்க கம்பெனியில ஆம்புலன்ஸு வந்துச்சின்னு. ஒடனே போன் போட்டேன். யாரோ ஒரு சாரு இரும்மான்னாரு. அப்புறம் அந்தப் பாட்டு வந்துச்சி. எங்க வூட்டுக்காரு தெனம் வூட்டுல சீட்டியடிக்கிற பாட்டு. இது எங்க டீ பாட்டுன்னு புள்ளைங்களுக்குக் கூட சொல்லிக் குடுத்திருக்காரு. சரி, அங்க டீ டைமு போல, எல்லாம் நல்லாத்தான் இருக்காங்கன்னு நெனச்சிக்கினேன். டீ குடிச்சிட்டு யாராச்சும் வந்து பேசுவாங்கன்னு உக்காந்துட்டேன். கட் ஆச்சி. மறுபடியும் போட்டேன். மறுபடியும் பாட்டு. நான் பாட்டுக்கு பஸ் ஏறி வந்திருந்தா, அவரு மூஞ்சியப் பாத்திருப்பேன் இல்லக்கா?"

பார்த்திருப்பாள். உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர் ஒன்றும் கண்காணாத தூரம் இல்லை. ஒரு பாட்டு ஒரு பெண்ணை நிம்மதியாக உட்காரவைத்து ஏமாற்றிவிட்டது. நேரம் போவதே அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

மறுநாளே ஜி.எம். சாரின் அறைக்குப் போய் அந்தப் பாட்டை எடுத்துவிடச் சொன்னேன். விஷயத்தையும் சொன்னேன். முழுதாகக் கேட்டார், உச்சுக்கொட்டினார். பிறகு, "பாவம்தான். ஆனா அதுக்கும் பாட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? கஸ்டமர்ஸ் எல்லாம் எவ்வளவு பாராட்டறாங்க" என்றார். கொடுமைக்காரராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். ஓட்டையே இல்லாமல் ஒரு மெட்டைத் தைக்க அவ்வளவு மெனக்கெட்ட மனிதர், அந்த மெட்டுக்குப் பின்னால் ஒரு பெண் காத்திருக்கிறாள் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் ஓய்வு பெற்று பெங்களூர் பக்கம் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் ரசனையான மனிதர் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். பாட்டு இன்னும் அப்படியேதான் ஓடுகிறது. நான் மட்டும் அன்றிலிருந்து ஹோல்ட் பட்டனைத் தொடுவதில்லை. யாரையாவது காத்திருக்க வைக்க நேர்ந்தால் ரிசீவரை மேசைமேல் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் போவேன். இங்கே நடக்கிறது அவர்களுக்குக் கேட்கட்டும். "என்னம்மா, சந்தைக்கடை மாதிரி சத்தம் வருது" என்று கஸ்டமர்கள் குறைபட்டிருக்கிறார்கள். எழுத்தில் எச்சரிக்கையும் வாங்கியிருக்கிறேன். போகட்டும்.

இந்த வருஷம் அந்த உத்தனப்பள்ளிப் பெண் என் லைனுக்கு வந்தாள். இப்போது ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிக்கிற வேலையில் இருக்கிறாளாம். பையனை ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதற்கு அவன் அப்பா இங்கே வேலை பார்த்ததாக ஒரு சான்று கேட்டாள். "லைன்லயே இரும்மா, கேட்டுட்டு வந்துடறேன்" என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு எச்.ஆர். அறைக்கு நடந்தேன். அவர் கான்ட்ராக்ட் ஆள்தானே, கான்ட்ராக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள் என்று அங்கே கைவிரித்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேல் ஒலிபெருக்கியில் புல்லாங்குழல் தொடங்கியது. பிரெஸ் ஷாப்புக்கு டீ. மேசைமேல் கிடக்கிற ரிசீவர் வழியாக அவளுக்கும் அது கேட்டிருக்கும். ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து ரிசீவரை எடுத்தேன்.

"அம்மா, இருக்கியாம்மா?" என்றேன்.

"இருக்கேன்க்கா" என்றாள். பிறகு கேட்டாள்: "அக்கா, இப்ப நெசமாவே டீ டைமு தானா?"